ட்வார்ஃப் ஹாம்ஸ்டருக்கு எந்த உணவு ஏற்றது? இரண்டில் ஒன்று மட்டும் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது

கேள்வி: கோவை மீனா

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்காக எட்டு மாதங்களுக்கு முன், எலி போன்ற குட்டிப் பிராணிகளான ட்வார்ஃப் ஹாம்ஸ்டர்கள் இரண்டை வாங்கினோம். இரண்டும் பெண். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். தலையிலிருந்து வால்வரை முதுகின் நடுவே ஒரு கருங்கோடு ஓடுகிறது. எந்த இனம் என்று கேட்டதற்குக் கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. அவர் கொடுத்த கலவை உணவையே இன்றுவரை வாங்கிப் போட்டுவருகிறோம். அதில் சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், பச்சையும் சிவப்புமாகச் சாயமேற்றிய துண்டுகள், காய்ந்த பழத் துண்டுகள் ஆகியவை இருக்கின்றன. இவை போக, என் மாமியார் தினமும் காலையில் ஆளுக்கு ஒரு வேர்க்கடலையும் ஓர் உலர்திராட்சையும் கொடுப்பார். இரண்டும் கம்பியோரம் வந்து நின்று, முன்கால்களை நீட்டி அவர் விரலிலிருந்து வாங்கிக்கொள்ளும் அழகைப் பார்த்தால் எனக்கும் தடுக்க மனம் வருவதில்லை.

இரண்டு வாரங்களாகப் பெரியது அடிக்கடி தண்ணீர்ப் புட்டியருகே போய்விடுகிறது. அது படுக்கும் மூலையில் போட்ட காகிதத் துகள் மறுநாளே நனைந்து கிடக்கிறது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 46 கிராம் இருந்தது 41 கிராமாகிவிட்டது. இவ்வளவுக்கும் தட்டில் போடும் உணவு ஒன்றும் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடுவதால், பசிதான் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டிருந்தேன். உணவில்தான் நான் தவறு செய்கிறேனா? முயலுக்கு விற்கும் பெல்லட் (அரைத்து அழுத்திய உணவுத் துண்டு) விலை குறைவு, அதையே போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் இருக்கும் தானியங்களைக் கொடுக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: தினைக்கதிர்

வணக்கம் சகோதரி. உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன், பெரியதைச் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இந்த வாரத்திற்குள் காட்டிவிடுங்கள். அதிகத் தாகம், நனையும் படுக்கை, சாப்பிட்டும் குறையும் எடை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரிழிவு. சிறுநீரகக் கோளாறிலும் இதே அறிகுறிகள் வரலாம் என்பதால் நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அது எழுந்ததும் துகள் எதுவும் இல்லாத, துடைத்துக் காயவைத்த ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடங்கள் விட்டால் பெரும்பாலும் சிறுநீர் கழித்துவிடும். அந்தத் துளியில் பட்டையைத் தொட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, முடிவை மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்; உடலிலிருந்து வெளியேறிய நீரை ஈடுசெய்யத்தான் அது குடிக்கிறது. வெந்தயத் தண்ணீர் போன்ற கைவைத்தியமும் வேண்டாம், ஏனென்றால் சுவை மாறினால் தண்ணீரையே தொடாமல் விட்டுவிடக்கூடும்.

நீங்கள் சொல்லும் நிறத்தையும் முதுகுக் கோட்டையும் வைத்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பவை கேம்ப்பெல் இனமாகவோ, விண்டர் ஒயிட் இனமாகவோ, இரண்டும் கலந்தவையாகவோ இருக்க வேண்டும். ரோபோரோவ்ஸ்கி என்ற இன்னொரு ட்வார்ஃப் இனத்துக்கு அந்தக் கோடு கிடையாது. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் போல இருக்கும், உருவமும் இவற்றைவிடச் சிறியது. இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கேம்ப்பெல் இனத்திலும் அதன் கலப்பினத்திலும் நீரிழிவு வரும் போக்கு பரம்பரையாகவே இருக்கிறது. கடைகளில் விற்பவற்றில் கலப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், கோடு உள்ள எந்த ட்வார்ஃப் ஹாம்ஸ்டரையும் நீரிழிவு வரக்கூடியதாகவே கருதி உணவைத் தீர்மானிப்பது நல்லது. இன்று நலமாக இருக்கும் உங்கள் சின்னதற்கும் இது பொருந்தும்.

ஆகவே உலர்திராட்சை, காய்ந்த பழம், மக்காச்சோளம், தேன் தடவிய குச்சிகள், கேரட், வாழைப்பழம் ஆகிய அனைத்தையும் இன்றே நிறுத்திவிடலாம். உலர்திராட்சையில் சர்க்கரை மட்டுமல்லாமல் பிசுபிசுப்பும் உண்டு. உணவை அடக்கிக்கொள்ளும் கன்னப் பையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். வேர்க்கடலையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. நாற்பது கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு முழுக் கடலை என்பது நமக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் மேலே. ஈரத்தில் இருந்த கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. இவை தவிர வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், வேகாத ராஜ்மா, பச்சை உருளைக்கிழங்கு ஆகியவை எந்த ஹாம்ஸ்டருக்கும் ஆகாது.

பதில் 2: சிங்கப்பூர் வாசு

மேலே உள்ளவர் மருத்துவத்தைச் சொல்லிவிட்டார். நான் வேறொன்றைக் கேட்கிறேன்: தட்டு காலியானதும் மேலும் போட்டேன் என்கிறீர்களே, காலியான உணவு எங்கே போனது என்று பார்த்தீர்களா? ஹாம்ஸ்டர் தட்டிலிருந்து எடுப்பது வேறு, தின்பது வேறு. கன்னப் பையில் நிரப்பிக்கொண்டு போய்ப் பதுக்கிவிடும். பதுக்கியதிலும் பிடித்ததை மட்டும் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். எனவே பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் சத்து அளவு உங்கள் ஹாம்ஸ்டரின் வயிற்றுக்குள் போகும் சத்து அளவு ஆகாது. கூண்டுக்குள் இருக்கும் மரவீட்டை மெல்லத் தூக்கி, அடியில் உள்ள குவியலை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள்.

இந்தக் காரணத்தினால்தான் நான் பெல்லட்டையே அடிப்படை உணவாக வைத்திருக்கிறேன். எல்லாத் துண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பொறுக்கித் தின்ன வழியில்லை. வாங்கும்போது புரதம் 17 முதல் 19 சதவீதமும், கொழுப்பு 4 முதல் 7 சதவீதமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருட்பட்டியலில் வெல்லப்பாகு, தேன், சர்க்கரை என்று எந்தப் பெயரில் இனிப்பு வந்தாலும் எடுக்காதீர்கள். முயல் பெல்லட் புல்லையும் நாரையும் நம்பி வாழும் பிராணிக்காகச் செய்தது, அதில் ஹாம்ஸ்டருக்கு வேண்டிய புரதம் இருக்காது. கினிப் பன்றிக்கான உணவும் தேவையில்லை. அதில் வைட்டமின் சி சேர்ப்பார்கள், ஹாம்ஸ்டர் அதைத் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும்.

அளவு என்று பார்த்தால், ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். இரண்டும் ஒரே கூண்டில் இருப்பதால் இரண்டு தட்டுகளை எதிரெதிர் மூலைகளில் வையுங்கள், இல்லாவிட்டால் உணவுக்காகவே சண்டை மூளும்.

பதில் 3: தினைக்கதிர்

குவியலைப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. நான் அதைச் சொல்லத் தவறிவிட்டேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் பெல்லட் மட்டுமே என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேம்ப்பெல் மங்கோலியப் புல்வெளிகளிலும், விண்டர் ஒயிட் கஜகஸ்தான், தென்மேற்கு சைபீரியப் புல்வெளிகளிலும் வாழ்பவை. மழை குறைந்த அந்த நிலத்தில் புல்விதைகளையும் பூச்சிகளையும் தேடித் தேடித் தின்று வாழ்ந்த உயிர்கள் அவை. இரவெல்லாம் தேடுவதுதான் அவற்றுக்கு வேலை. ஒரே வடிவத் துண்டைத் தட்டில் கொட்டிவிட்டால் அந்த வேலை போய்விடுகிறது. அதனால் நான் முக்கால் பங்கு பெல்லட்டைத் தட்டிலும், கால் பங்கு சிறுதானியத்தைக் காகிதத் துகளுக்குள் தூவியும் விடுகிறேன்.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. வெளிநாடுகளில் பறவைக்கும் ஹாம்ஸ்டருக்கும் கட்டுக் கட்டாக விலைகொடுத்து வாங்கும் கதிர் வேறொன்றும் இல்லை, நம்முடைய தினைதான். தினை, சாமை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றை உமி நீக்காமல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முன்பற்களால் உமியைக் கொறித்து நீக்குவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும். இத்துடன் ஒரு சிட்டிகை ஆளிவிதை சேர்க்கலாம். ஆனால் சிறுதானியமும் மாவுச்சத்துதான் என்பதை மறக்கக் கூடாது. பெரியதற்கு நீரிழிவு உறுதியானால், அதற்கு எவ்வளவு தானியம் என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

பெல்லட்டுக்கு மாற்றுவதைப் பத்து நாள்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள். இனிப்பை மட்டும் உடனே நிறுத்தலாம், மற்றதைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வந்துவிடும். இவ்வளவு சிறிய உடலில் வயிற்றுப்போக்கு ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும்.

கோவை மீனா

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மரவீட்டைத் தூக்கிப் பார்த்து, உள்ளதையெல்லாம் என் மகளும் நானும் காகிதத்தில் கொட்டிப் பிரித்தோம். சூரியகாந்தித் தோல் ஒரு கைப்பிடி இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போன உலர்திராட்சை ஏழு. என்றோ கொடுத்த கொத்தமல்லித் தண்டு ஒன்று பூசணம் பிடித்துக் கிடந்தது. சாயத் துண்டுகள் அத்தனையும் பல்லே படாமல் வீலுக்குப் பின்னால் தனியாகக் குவிந்திருந்தன. எட்டு மாதமாக நான் கலவை உணவு கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவை தின்றதோ சூரியகாந்தி விதையும் மக்காச்சோளமும் மட்டும்தான்.

பட்டையில் நிறம் மாறியது. இன்று காலை மருத்துவரும் சோதித்து, நீரிழிவுதான் என்று உறுதிசெய்தார். தானியத்தைப் பெரியதற்கு மிகக் குறைவாகவும், சின்னதற்கு நீங்கள் சொன்ன அளவிலும் கொடுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே கூண்டில் இருக்கும்போது இது இயலாது என்பதால், இன்று மாலை கூண்டுகளைப் பிரித்துவிட்டோம். வாரம் இருமுறை நிறுத்து எழுதிவைக்கும் பொறுப்பை என் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் மிச்சம். விஷயம் தெரிந்ததிலிருந்து என் மாமியார் கூண்டுப் பக்கமே போகவில்லை. அவரும் கையால் கொடுக்கக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா?

பதில் 4: தினைக்கதிர்

நிச்சயம் இருக்கிறது. அவர் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, பொருளையும் நேரத்தையும் மாற்றினால் போதும். உப்பில்லாமல் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவில் மிளகளவு ஒரு துண்டை வாரம் இருமுறை கொடுக்கச் சொல்லுங்கள். மாவுச்சத்தும் இனிப்பும் ஏறக்குறைய இல்லாத நல்ல புரதம் அது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த மீல்வார்ம் புழு ஒன்றை இன்னொரு நாள் கொடுக்கலாம். அவர் சைவம் என்றால் உப்பில்லாத பனீரில் அதே மிளகளவு சரியாக இருக்கும். மற்ற நாள்களில் விதை நீக்கிய வெள்ளரிக்காயைச் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கிக் கொடுத்தால் போதுமானது.

நேரம் காலை வேண்டாம். அவை தூங்கப்போகும் வேளை அது. வாங்கியதைத் தின்னாமல் பையில் வைத்துக்கொண்டு படுக்கைக்குள் போய்விடும், நம் வெயிலுக்கு அது மதியத்திற்குள் கெட்டுவிடும். மாலையில் விளக்கேற்றியபின், இரண்டும் எழுந்து முகம் துடைத்துக்கொண்டு வெளியே வரும் வேளையில் கொடுத்தால் அவர் கண் முன்னாலேயே தின்றுவிடும். தின்னாமல் தூக்கிக்கொண்டு போனால், மறுநாள் காலையில் அந்த மூலையை மட்டும் பார்த்து எடுத்துவிடுங்கள். முழுக் குவியலையும் கலைத்துவிட வேண்டாம். அடிக்கடி எல்லாவற்றையும் எடுத்தால் பதற்றத்தில் இன்னும் அதிகமாகப் பதுக்கத் தொடங்கிவிடும்.