முரானோ கண்ணாடி, புளோரன்ஸ் தோல் பை: ஏமாறாமல் வாங்குவது எப்படி?

கடல்காகம்

அக்டோபரில் இத்தாலி போகிறோம். வெனிஸில் 2 நாள், புளோரன்ஸில் 2 நாள், நாப்போலியில் ஒரு நாள், கடைசியில் ரோமிலிருந்து விமானம். வெனிஸை ஒட்டிய முரானோ தீவில் ஒரே மாதிரி 6 கண்ணாடி டம்ளர், புளோரன்ஸில் ஒரு தோல் கைப்பை, அலுவலகத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க 15 சின்னப் பொருட்கள் வாங்க எண்ணம். வெனிஸ் கடைகளில் சீனச் சரக்கு நிறைய என்கிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? முரானோவுக்கு இலவசப் படகு ஏற்பாடு செய்வதாக ஓட்டலில் சொல்கிறார்கள், ஏறலாமா? நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள். வரியைத் திரும்ப வாங்கும் முறையும் தெரிந்தால் சொல்லுங்கள்.

உலைக்களம்

அந்தப் படகில் ஏறாதீங்க. படகுக் கூலியும் ஓட்டலுக்கான கமிஷனும் டம்ளர் விலையிலேயே ஏறியிருக்கும். ஒரே ஷோரூம் வாசலில் இறக்கிவிடுவாங்க, ஐந்து நிமிஷம் ஊதிக் காட்டுவாங்க, பிறகு மாடிக்குக் கூட்டிப்போய் "உங்களுக்கு மட்டும் பாதி விலை"ன்னு ஆரம்பிப்பாங்க. ஃபொந்தமென்தே நோவே துறையிலிருந்து 4.1 அல்லது 4.2 எண் படகில் போனால் பத்து நிமிஷத்தில் முரானோ. ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். அன்றைக்கே புரானோ தீவுக்கும் (12 எண் படகு) போறதா இருந்தா 25 யூரோ ஒருநாள் டிக்கெட்தான் கட்டுப்படியாகும். காலையிலேயே போங்க, உலை வேலை காலையில்தான் மும்முரமா நடக்கும்.

முதல்ல ஒட்டுவில்லையைப் பாருங்க. "வேத்ரோ ஆர்தீஸ்திகோ முரானோ" என்பது வெனெத்தோ மாநிலம் 1994-இல் சட்டம் போட்டு உருவாக்கின முத்திரை. ஒவ்வொரு வில்லையிலும் தயாரிப்பாளரின் எண் இருக்கும். ஆனா இதில் சேராத நல்ல உலைக்காரர்களும் உண்டு. அதனால் வில்லை இல்லைங்கிறதாலேயே போலின்னு ஒதுக்க வேண்டாம், எந்த உலையில் செய்ததுன்னு பில்லில் எழுதிக் கேளுங்க. எழுத மறுத்தா நகர்ந்துடுங்க. "மேட் இன் இத்தாலி", "முரானோ ஸ்டைல்" இரண்டுமே முரானோவில் செய்ததுன்னு அர்த்தம் இல்லை.

அடுத்து டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்க. ஊதின கண்ணாடியை வாய்ப்பக்கம் வேலை செய்யறப்போ அடியில் ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பாங்க. கம்பியை உடைச்சு எடுத்த வடு அடி நடுவில் இருக்கும், நல்ல பட்டறையில் அதைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கியிருப்பாங்க. பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை மெல்லிய கோடு ஓடினா அது அச்சில் வார்த்தது. தங்க இழை வெச்ச துண்டுன்னா தங்கம் இரண்டு கண்ணாடி அடுக்குக்கு நடுவில் இருக்கணும். சூட்டில் கண்ணாடி விரியும்போது தங்கத் தகடும் கூடவே கிழியும், அதனால் பொடிப்பொடியா வெடிச்சமாதிரி தெரியும். மேற்பரப்பில் வழவழன்னு ஒரே சீரா மின்னினா பெயிண்ட்.

"ஒரே மாதிரி 6" என்கிற ஆசையைக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க. அங்கே டம்ளருக்குக் "கோத்தோ"ன்னு பேர். உலைத் தொழிலாளிகள் மிச்சக் கண்ணாடியில் தங்களுக்காக ஊதிக்கிட்ட பாத்திரம் அது, அதனால் ஒவ்வொண்ணும் வேற வேற நிறம், வேற வேற கோடு. உயரத்தில் இரண்டு மூணு மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். ஆறும் அச்சு அசலா ஒண்ணுபோல இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

இன்னொண்ணு. ஊதி முடிச்ச துண்டை அடுப்பில் வெச்சு மெல்ல மெல்ல ஆறவிடணும். அவசரமா ஆறினா உள்ளே இறுக்கம் தங்கிடும், வீட்டு அலமாரியில் சும்மா நிற்கும்போதே ஒருநாள் விரிசல் விடும். இதைக் கடையில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உலை பேர் தெரிஞ்ச இடத்தில் வாங்கச் சொல்றது அதுக்குத்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீங்க.

ஊசிநூல்

தோல் பற்றி. பையின் கைப்பிடியிலோ உள்மடிப்பிலோ வெட்டின ஓரம் தெரிகிற இடத்தைத் தேடுங்கள். ஓரம் முழுக்கத் தடிமனாகப் பெயிண்ட் பூசி மூடியிருந்தால் வேறு பை கேளுங்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் நடு வரைக்கும் பழுப்பு ஊறியிருக்கும், நார் நாராகத் தெரியும். குரோம் உப்பில் பதனிட்டதில் நடுவில் சாம்பல் கலந்த நீலக் கோடு தெரியலாம். அது போலி இல்லை, மெத்தென்று மழைக்குத் தாங்கும் தோல்தான், ஆனால் "பாரம்பரிய தஸ்கானித் தோல்" என்று விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். ஓரத்தில் துணி அடுக்கு தெரிந்தால் அது ரெக்சின்.

ரொம்பப் பேர் ஏமாறுவது "க்ரோஸ்தா"வில். தோலைக் கிடைமட்டமாகப் பிளந்த அடிப்பாகத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, மேல்தோலின் வரிகளை அச்சிடுவார்கள். தோல் என்று சொல்வதில் பொய் இல்லை, ஆனால் இரண்டு வருடத்தில் மடிப்பில் தோலுரிந்துவிடும். கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல மேல்தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் பரவும், படலம் ஒட்டியதில் பள்ளம் மட்டும் விழும். லைட்டரைப் பற்றவைத்துக் காட்டுகிற விற்பனையாளரைக் கண்டுகொள்ளாதீர்கள், அது வேடிக்கை காட்டும் வித்தை.

காலணி வாங்கினால் உள்ளே இருக்கும் குறியைப் பாருங்கள். விரித்த தோல் வடிவம் என்றால் தோல், அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் படலம் பூசிய தோல், வெறும் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ பொருள். சீட்டில் "சிமில்பெல்லே", "ஃபின்தா பெல்லே" என்றிருந்தால் போலித் தோல்.

எங்கே வாங்க? சாந்தா க்ரோச்சே தேவாலயத்தின் பின்புறம் ஸ்கூவோலா தெல் குவோயோ, 1950-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் இடம் கொடுத்துத் தொடங்கிய தோல் பள்ளி. கைவேலையை நின்று பார்க்கலாம், பையில் பெயரின் முதலெழுத்தைத் தங்கத்தில் பதித்தும் தருவார்கள். பதித்த பின் மாற்றிக் கேட்க முடியாது. பொதுவாகவே இத்தாலியில் கடைக்கு நேரில் போய் வாங்கியதைக் குறை எதுவும் இல்லாமல் திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி உரிமை கிடையாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சான் லொரென்சோ சந்தைக் கடைகளில் பெல்ட், சாவிக்கொத்து மாதிரி சில்லறைப் பொருள் வாங்கலாம். பைக்கு அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

சுங்கச்சாவடி

வரிக் கணக்கு: இத்தாலியில் மதிப்புக்கூட்டு வரி 22 சதவீதம். 2024 பிப்ரவரியிலிருந்து ஒரே கடையில் ஒரே பில் 70 யூரோவைத் தாண்டினாலே திரும்பக் கேட்கலாம், முன்பு இந்த வரம்பு 155 யூரோவை ஒட்டி இருந்தது. 122 யூரோ பில்லில் வரி 22 யூரோ, ஆனால் வரியைத் திரும்பப் பெற்றுத் தரும் இடைத்தரகு நிறுவனம் கழித்ததுபோகச் சின்ன பில்லில் சுமார் 12 சதவீதம்தான் கைக்கு வரும். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பணம் கட்டும்போதே படிவம் போடச் சொல்லுங்கள்.

வாங்கிய மாதத்துக்குப் பிறகு மூன்றாவது மாத முடிவுக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். அக்டோபரில் வாங்கினால் ஜனவரி 31. பலர் தவறுவது விமான நிலையத்தில்: பெட்டியைப் போட்டுவிட்டு அப்புறம் சுங்கத்துக்குப் போவார்கள். "பொருளைக் காட்டு" என்றால் என்ன செய்வது? பெட்டியைப் போடும் முன்னாலேயே சுங்கத்தில் படிவத்தைச் சரிபார்த்துவிடுங்கள். பொருள் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும், புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள். ஃபிராங்க்பர்ட் போல வேறு ஒன்றிய நகரம் வழியாக மாறினால், விமானத்துக்குள் எடுத்துப்போகும் கைப்பையில் உள்ளதற்கு அங்கேதான் சுங்க முத்திரை.

தெருவில் விரிப்புப் போட்டு விற்கும் போலி பிராண்டுப் பைகள் பக்கம் போகவே வேண்டாம். வாங்குபவருக்கும் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை.

கடல்காகம்

எல்லாருக்கும் நன்றி. 15 சின்னப் பொருட்கள் என்ன வாங்கலாம்? புரானோவில் லேஸ் கைக்குட்டை? டம்ளர்களைக் கைப்பையில் கொண்டுபோகவா, பெட்டியிலா?

ஊசிநூல்

கைக்குட்டை வேண்டாம். ஊசியால் போட்ட புரானோ லேஸில் உள்ளங்கை அளவுக்கே வாரக்கணக்கில் வேலை இருக்கிறது, பத்து யூரோவுக்குத் தொங்குவதெல்லாம் இயந்திரத்தில் ஓடியது. அசலைப் பார்க்க கலூப்பி சதுக்கத்தில் லேஸ் அருங்காட்சியகம் இருக்கிறது.

அதற்குப் பதில் புளோரன்ஸ் பளிங்குத்தாள். கெட்டியான பாசிக் கரைசலின் மேல் நிறங்களை மிதக்கவிட்டு, சீப்பால் இழுத்து, தாளை ஒற்றி எடுப்பது. அதில் செய்த புத்தகக் குறி, பென்சில், சின்ன நோட்டு எல்லாம் எடையே இல்லை. இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோலம் துளி மாறாமல் அப்படியே திரும்ப வந்தால் அச்சடித்த தாள். நாப்போலியில் சான் க்ரெகோரியோ ஆர்மேனோ தெருவில் சிவப்புக் கொம்பு வடிவத் தாயத்து வாங்குங்கள். தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது, பிறர் தந்தால்தான் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை, பரிசுக்கு இதைவிடத் தோதாக என்ன இருக்கிறது?

உலைக்களம்

டம்ளரைக் கைப்பையில்தான். முதல்ல உள்ளே சாக்ஸைத் திணிங்க, பிறகு குமிழித்தாள் இரண்டு சுற்று. ஒண்ணுக்குள் ஒண்ணு அடுக்காதீங்க, விளிம்புதான் முதல்ல போகும். பெட்டியில் வெச்சே ஆகணும்னா நடுவில், நாலு பக்கமும் ஒரு கை அகலத்துக்குத் துணி. கடையில் நாங்களே அனுப்பறோம்னு சொன்னா, உடைஞ்சா யார் பொறுப்புன்னு எழுதி வாங்கிக்கோங்க, துண்டையும் அடியில் உள்ள கையெழுத்தையும் அங்கேயே படம் எடுத்துக்கோங்க.