கணவர் இறந்துவிட்டார், தங்கைக்கு ஐந்தாம் மாதம். கலைக்க மாமனார் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி: வலங்கைமான் அக்கா

எங்களுக்கு வலங்கைமான் பக்கம். தங்கையைப் பாபநாசத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் நெல் அறுவடை மிஷின் ஓட்டுபவர். குறுவை அறுப்பு மும்முரமாக நடந்த நேரத்தில், ராத்திரி வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துவிட்டார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இப்போது வயிற்றில் இன்னொன்று. போன வாரம் எடுத்த ஸ்கேனில் 20 வாரம் 4 நாள் என்று போட்டிருக்கிறது.

காரியம் முடிந்த அன்றே தங்கை என்னிடம், "இது வேண்டாம்க்கா, என்னால முடியாது" என்றாள். மாமியார், "என் பிள்ளையே திரும்பி வரான்" என்று கர்ப்பம் காக்கும் அம்பாள் கோயில் இருக்கிற திருக்கருகாவூர் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்து வைத்திருக்கிறார். அப்பாவோ, "சீக்கிரம் கலைச்சிட்டா இன்னொரு வாழ்க்கை அமைச்சுக் கொடுத்துடலாம்" என்கிறார். கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தோம். மாமனார் கையெழுத்து வேண்டும், ஐந்து மாதம் தாண்டியதால் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் நிஜமாகவே அப்படித்தானா? இது பாவமா என்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: மயிலாடுதுறைக்காரன்

சகோதரி, என் அண்ணன் வெளிநாட்டில் இறந்தபோது அண்ணிக்கு நாலு மாதம். அந்தப் பையன் இன்று பிளஸ் டூ படிக்கிறான். வரப்பில் அவன் நடந்து வந்தால் அண்ணன் நடை அப்படியே இருக்கும். என் அம்மா உயிரோடு இருப்பதே அவனால்தான். ஐந்தாம் மாதத்தில் குழந்தை அசையும், அதற்கும் ஒரு உயிர் இருக்கிறது. அப்பன் இல்லை என்பதற்காக அதையும் அனுப்ப வேண்டுமா? துக்கத்தில் எடுக்கிற முடிவு நாளைக்கு மாறும், போன உயிர் திரும்பாது. கரு காத்த நாயகி இருக்கிற மண் இது. தயவுசெய்து யோசியுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், நீடாமங்கலம்

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, உங்களுக்கு நேரம் குறைவு.

மாமனார் கையெழுத்து வேண்டாம். மாமியார், அப்பா, அண்ணன் யார் கையெழுத்தும் வேண்டாம். 18 வயது முடிந்த பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர் உயிரோடு இருந்திருந்தாலும் இதுதான் சட்டம். 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-க்கு மேல் 24 வரை சில நிலைமைகளில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் அனுமதி, அதற்கு இரண்டு டாக்டர் சேர்ந்து சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதே கணவர் இறந்துபோவது அந்தப் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. உங்கள் தங்கைக்கு கோர்ட் படி ஏறும் அவசியமே இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பிலும், குடும்பத்தார் சம்மதம், கோர்ட் அனுமதி என்று சட்டத்தில் இல்லாததை டாக்டர்கள் கேட்பது தவறு என்று கண்டித்திருக்கிறார்கள்.

ஆனால் நம் நாட்டில் இது கேட்டவுடன் கிடைக்கிற உரிமையும் இல்லை. உடம்புக்கோ மனசுக்கோ பெரிய பாதிப்பு வரும் என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். அவள் வாழ்கிற சூழ்நிலையையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் டாக்டரிடம் அவளே வாய் திறந்து பேசட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்கள் அண்ணி பெற்றெடுத்தது நல்ல காரியம், அவர்கள் விரும்பியிருந்தால். விரும்பினார்களா என்று உங்கள் பதிவில் இல்லை. அசைகிற குழந்தையை நான் லேசாக நினைக்கவில்லை. எத்தனையோ பெண்கள் வயிற்றில் காது வைத்து அந்தத் துடிப்பைக் கேட்டவள் நான். திருக்கருகாவூர் விளக்கெண்ணெயை வலி எடுத்த பெண்களின் அடிவயிற்றில் என் கையாலேயே தடவியிருக்கிறேன். அந்தக் கோயில் தலபுராணத்திலும் அம்பாளிடம் வேண்டி நின்றவள் கருவைச் சுமந்த வேதிகைதான். சுமக்கிறவள் கேட்க வேண்டும்.

வேண்டாம் என்கிறவளை வீட்டார் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன். எங்கள் சப்சென்டருக்கு ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கலைப்பதற்காக யாரோ ஒரு கிழவி எருக்கங்குச்சி வைத்துவிட்டிருக்கிறாள். உடம்பு அனலாகக் கொதித்தது, புடவையெல்லாம் நாற்றம். 108 எல்லாம் வராத காலம், வாடகைக் காரில் தஞ்சாவூர் கொண்டுபோனோம். பிழைத்தாள், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. பெயர் விவரத்தை டாக்டர் வெளியே சொன்னால் ஒரு வருடம் வரை சிறை என்று இப்போது சட்டமே இருக்கிறது. இதை ஒவ்வொரு ஊரிலும் சுவரில் எழுதிப் போட வேண்டும்.

இன்னொன்று. உங்கள் அப்பா மறுமணத்தை நினைத்து அவசரப்படுகிறார். அதுவும் அவள் முடிவு ஆகாது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைப்பது பெரிய குற்றம், ஆயுள் தண்டனை வரை போகும். காரியம் நடந்த அன்று அழுகையில் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு போகாதீர்கள். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பெற்றுக்கொள்கிறேன் என்றாலும் அதற்கும் துணை நில்லுங்கள். கலைக்கத்தான் வேண்டும் என்றால் தனியார் பக்கம் அலையாமல் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் இந்த மாதத்தில் கூடவே கூடாது, ரத்தப்போக்கில் உயிரே போய்விடும்.

பதில்: தஞ்சை வழக்கறிஞர்

செவிலியர் அம்மா சொன்னது சரி. ஏன் தாமதிக்கக் கூடாது என்பதற்கு ஒரு வழக்கு. தில்லியில் 26 வயதுப் பெண், 2023 அக்டோபரில் கணவரை இழந்தவர். அவர் கோர்ட்டுக்குப் போனபோது 24 வாரம் கடந்துவிட்டது. 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முதலில் அனுமதித்தது, அதே மாதம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துவிட்டது. 24 தாண்டினால், கருவில் பெரிய குறைபாடு இருக்கிறது என்று மருத்துவ வாரியம் சொன்னாலோ, தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே தேவைப்பட்டாலோதான் சட்டத்தில் வழி. உங்கள் தங்கை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அவளைத் தனியாக வாய்க்கால் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். "இந்த ஒருத்தியை வளர்த்துடுவேன்க்கா. இன்னொன்னு பெத்தா அவங்க பிள்ளைன்னு சொல்லி என்னையும் அந்த வீட்டோட கட்டிடுவாங்க. ராத்திரி கண்ணை மூடினா மூச்சு முட்டுது. வேண்டாம்" என்றாள். அப்புறம், "அப்பாகிட்ட சொல்லு, கல்யாணப் பேச்சை எடுத்தா அங்கேயும் வரமாட்டேன்" என்றாள். அழவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். மயிலாடுதுறை அண்ணா, நீங்கள் சொன்னதையும் படித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை தஞ்சாவூர் போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

நீடாமங்கலம் செவிலியர்

ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பிணி அட்டை, ஆதார், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்திருந்தால் அதன் நகல். வராவிட்டாலும் காத்திருக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள். சின்னவளை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள், சில நாள் தங்க வேண்டியிருக்கும். யாராவது கையெழுத்து, கோர்ட் என்று ஆரம்பித்தால் இங்கேயே எழுதுங்கள்.