என் ஸ்கிரிப்ட்ல ஜென்னர் சைக்கோ மாதிரி தெரியறாராம், கதையை எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பரோட்டா_சால்னா:
வணக்கம் மக்களே. 12 நிமிஷ ஷார்ட் பிலிம் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், அனிமேஷன்தான், நடிகர் செலவு மிச்சம். தடுப்பூசி எப்படி பொறந்துச்சுங்கறதுதான் கதை. இங்கிலாந்துல பெர்க்லின்னு ஒரு ஊரு, டாக்டர் எட்வர்ட் ஜென்னர், வருஷம் 1796. ஓபனிங் நாம எல்லாரும் படிச்ச அதே சீன், பால் கறக்கற பொண்ணு ஒருத்தி வந்து எனக்கு மாட்டுக்கிட்ட இருந்து லேசான பசு அம்மை வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே பெரியம்மை அண்டாதுன்னு சொல்லுது, டாக்டர் முகத்துக்கு க்ளோசப், பல்பு எரியுது. அப்புறம் மே 14, சாரா நெல்ம்ஸ்ங்கற பால்காரப் பொண்ணு கையில இருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து தோட்டக்காரர் பையன் ஜேம்ஸ் ஃபிப்ஸ் கையில ரெண்டு கீறு கீறி ஏத்தறாரு. பையனுக்கு 8 வயசு. ஜூலை 1 அன்னிக்கு அதே பையனுக்கு நிஜ பெரியம்மை சீழை ஏத்தறாரு. ஒண்ணும் ஆகல. சுபம்.

ரூம்மேட்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவன் கேக்கறான், "என்னடா இவன், வேலைக்காரன் புள்ளைக்கு வேணும்னே வியாதியை ஏத்திட்டு கைகட்டி வேடிக்கை பாக்கறான், இவன் ஹீரோவா சைக்கோவா?" அதுல இருந்து எனக்கும் அப்படியேதான் தெரியுது. அந்தக் காலத்துல இது சகஜம்னு வாய்ஸ் ஓவர் போட்டுப் பாத்தேன், ஸ்கூல்ல போடற படம் மாதிரி ஆயிடுச்சு. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

7வருஷ_அசிஸ்டென்ட்:
ப்ரோ, கதைல தப்பில்ல, ஆரம்பிச்ச இடம்தான் தப்பு. 1757ல ஆரம்பிங்க. ஜென்னருக்கே அப்ப 8 வயசு. பெரியம்மை வராம இருக்க அப்ப இருந்த ஒரே வழி, லேசா வந்தவங்களோட சீழை எடுத்து நல்லா இருக்கறவன் கையில கீறி ஏத்தறதுதான். ஜென்னருக்கும் அதையேதான் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி அவரை வாரக்கணக்கா பட்டினி போட்டு, ரத்தத்தை வடிச்சு, எலும்பும் தோலுமா ஆக்கி, ஏத்தி முடிச்சதும் மத்த பசங்களோட ஒரு குதிரைக் கொட்டாய்ல போட்டு வச்சாங்க. இதை ரெண்டு நிமிஷம் வசனமே இல்லாம காட்டுங்க. வைக்கோல், இருட்டு, பக்கத்துல ஒரு பையன் முனகற சத்தம், போதும்.

கட் பண்ணா 1796, அதே மாதிரி ஒரு கத்தி, அதே 8 வயசு, ஆனா இந்தப் பையன் வீட்டுல சாப்ட்டு ஓடியாடிட்டு இருக்கான். இப்ப ஜூலை 1ஐக் காட்டினா ஆடியன்ஸுக்கு சீழ் ஏத்தறது புதுசா தெரியாது, ஊர் உலகத்துல எல்லாப் புள்ளைக்கும் பண்றதுதானே, இவனுக்கு கொட்டாய் வேண்டாம்னு நெனைக்கறார் மனுஷன்னு தெரியும். உங்க வாய்ஸ் ஓவர் சொல்ல வந்ததும் அதைத்தானே, அதை எடுத்துடுங்க.

இன்னொண்ணு. மே 14ல இருந்து ஜூலை 1க்கு எண்ணிப் பாருங்க, 48 நாள், ஒரு மண்டலம்! இதைப் போயி 'சில வாரங்களுக்குப் பிறகு'ன்னு கார்டு போட்டுத் தாண்டிடாதீங்க. 7ஆம் நாள் அக்குள்ல வலின்னான் பையன், 9ஆம் நாள் குளிர் எடுத்துச்சு, பசி இல்ல, லேசா தலைவலி, மறுநாள் சரியாப் போச்சு. இதெல்லாம் ஜென்னரே எழுதி வச்சது. அந்த 9ஆம் நாள் ராத்திரிதான் உங்க இன்டர்வெல். அதை டாக்டர் பக்கத்துல இருந்து காட்டாதீங்க, பையனோட அம்மா பக்கத்துல இருந்து காட்டுங்க.

ஊசிக்கார_அக்கா:
நான் 19 வருஷமா குழந்தைகளுக்கு ஊசி போடறவ, சினிமா தெரியாது, ஆனா அந்த பால்காரப் பொண்ணு டயலாக் டூப்பு தம்பி. ஜென்னர் 1798ல போட்ட புத்தகத்துல அந்த சீன் கிடையாது. அவர் 1823ல செத்தாரு, அதுக்கப்புறம் அவர் வாழ்க்கை வரலாறு எழுதின ஃபிரண்டு ஜான் பேரன் சேத்தது (பேரன்னா பேரப்புள்ள இல்ல, பேரே அதுதான்).

ஏன் சேத்தாருன்னு யோசிச்சா அதுதான் சுவாரசியமே. பசு அம்மை வந்தவனுக்கு பெரியம்மை ஒட்டாதுன்னு ஜென்னருக்கு முன்னாடியே ஆளுங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரு தார்ன்பரில ஃபியூஸ்டர்னு ஒரு டாக்டர் 1768லயே கவனிச்சிருக்காரு, ஒரு விவசாயிக்கு எத்தனை தடவை சீழ் ஏத்தியும் பிடிக்கவே இல்ல, விசாரிச்சா அந்தாளுக்கு ஏற்கனவே பசு அம்மை வந்திருக்கு. டார்செட் பக்கம் பெஞ்சமின் ஜெஸ்டின்னு இன்னொரு விவசாயி, 1774ல ஊர்ல பெரியம்மை பரவுதுன்னதும் பொண்டாட்டியையும் ரெண்டு பசங்களையும் மாட்டுக்கிட்டக் கூட்டிட்டுப் போயி, மடியில இருந்த கொப்புளத்து நீரை எடுத்து ஊசியால கீறி ஏத்திட்டாரு. ஜென்னருக்கு 22 வருஷம் முன்னாடி, டாக்டரும் கிடையாது. பொண்டாட்டிக்கு கை வீங்கி சீரியஸ் ஆயி பொழைச்சுது, ஊர்க்காரங்க ஆளை ஒரு வழி பண்ணிட்டாங்க. இத்தனை பேரு இருக்கும்போது ஜென்னர்தான் முதல்னு எப்படி சொல்றது? சின்னப் பையனா இருக்கும்போதே ஒரு பொண்ணு காதுல சொல்லிடுச்சுன்னு ஒரு சீன் வச்சா வேலை முடிஞ்சுது.

அதுக்காக ஜென்னர் ஒண்ணும் பண்ணலன்னு ஆயிடாது. ஏத்தினதோட நிறுத்தாம, பிடிச்சுதான்னு சோதிச்சு, எழுதி, திட்டு வாங்கி, ஊர் ஊரா அனுப்பி வச்சது அவர்தான். ஜெஸ்டி அவர் குடும்பத்தைக் காப்பாத்தினாரு, அவ்ளோதான், அதுவும் பெரிய விஷயம்தான்.

மீம்_மாமா:
பொய்யா இருந்தா என்ன, நல்ல சீன் அது, தூக்கிடாதீங்க. அப்புறம் அனிமேஷன்னா 1802ல கில்ரே போட்ட கார்ட்டூனைத் தேடிப் பாருங்க, ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு மூக்குல கையில எல்லாம் குட்டி குட்டி மாடு முளைச்சு வெளிய குதிக்கும். அந்தக் காலத்து வாட்ஸப் பார்வர்டு. அதையே ஆட விட்டீங்கன்னா அரை நிமிஷம் ஓடிரும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
வாய்ஸ் ஓவரை எடுக்கச் சொல்கிறார் தம்பி, நான் ஒத்துக்க மாட்டேன். கூத்துல கட்டியங்காரன் வந்து கதை சொல்றான், யாராவது போரடிக்குதுன்னு எந்திரிச்சுப் போறாங்களா? ராஜாவையே கிண்டல் அடிப்பான், நடுவுல ஊர்க்கதை பேசுவான், அதனாலதான் ஜனம் உக்காந்திருக்கு. உங்க படத்துல சொல்றவன் கோட்டு போட்ட ஆளா இருந்தா பாடம் மாதிரிதான் இருக்கும். மாடு சொல்லட்டுமே. சாராவுக்கு அம்மை ஒட்டவிட்ட பசு பேரு பிளாஸம், அதோட தோலை லண்டன்ல செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில இன்னிக்கும் மாட்டி வச்சிருக்காங்க. செவுத்துல தொங்கற தோலு வாயைத் திறந்து "என் பேரை எவனாவது சொல்றானா"ன்னு ஆரம்பிச்சா யாரு போவா?

நம்ம பக்கமும் ஊசி கதையோடதான் வந்துச்சு. சென்னைல கலெக்டரா இருந்த எல்லிஸ் துரை, குறள்ல ஒரு பகுதியை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவர், பசு அம்மையை ஜனங்க ஏத்துக்கணும்னு அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கிற மாதிரி ஒரு புராணக் கதையே எழுதினாரு, அதுல பசு அம்மை ஒரு வரம். அம்மா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டற ஊர்ல வேற எப்படிச் சொல்றது. எங்க வீட்டுலயே, அம்மை குத்தறவர் தெருமுனைல வர்றார்னா எங்க அப்பாயி எங்க அண்ணனை நெல்லுக் குதிருக்குள்ள இறக்கி மூடிருவாங்க. சின்னச் சக்கரம் மாதிரி ஒண்ணைத் தோள்ல வச்சுத் திருகுவாங்க, எனக்கு இன்னும் நாலணா அளவுக்குத் தழும்பு இருக்கு. அண்ணனுக்கும் இருக்கு, குதிரு ஒரு தடவைதான் காப்பாத்துச்சு.

பரோட்டா_சால்னா:
எல்லாருக்கும் பெரிய கும்பிடு. ராத்திரி உக்காந்து மாத்திட்டேன். கொட்டாய்ல ஆரம்பிக்குது, மாடு கதை சொல்லுது, ஜெஸ்டிக்கு ஒரு நிமிஷம், 9ஆம் நாள் ராத்திரி அம்மா மடியில பையன். அக்கா, பால்காரப் பொண்ணு சீனை எடுக்கல, கடைசிக்கு கொண்டு போயிட்டேன். ஜென்னர் போய்ச் சேந்தாச்சு, ஜான் பேரன் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல எழுதிட்டு இருக்காரு, பேனா மையில இருந்து அந்தப் பொண்ணு எழுந்து வந்து டயலாக் சொல்லுது, மாடு அவளைப் பாத்து "நீ யாரும்மா?"ன்னு கேக்குது. கட்.

7வருஷ_அசிஸ்டென்ட்:
யோவ் இது முதல்ல போட்டதை விட நூறு மடங்கு மேல. ஃபிப்ஸ் என்ன ஆனான்னு ஒரு ஷாட் வச்சிருங்க, அவன் பெரியவனானதும் ஜென்னர் அவனுக்கு ஒரு சின்ன வீட்டை வாடகை இல்லாம கொடுத்தாரு, ஜென்னர் சாவுக்கும் அவன் வந்திருந்தான். வசனம் வேணாம், கூட்டத்துல நிக்கற ஆளோட கைத்தழும்பு மட்டும்.

மீம்_மாமா:
மாட்டுக்கு யாரு டப்பிங்?