1325-க்குக் கையைத் தூக்கிவிட்டு ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

கேள்வி: போர்ச்சூழலில் பெண்களைப் பாதுகாக்கவும் சமாதானப் பேச்சில் இடம் தரவும் சொல்லும் 1325-ஆம் தீர்மானத்தை ஐநா பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. அதை எப்படி நிறைவேற்றப்போகிறோம் என்று ஒரு நாடு எழுதித்தரும் தேசியச் செயல்திட்டம் முதன்முதலாக டென்மார்க்கிலிருந்து 2005-இல்தான் வந்தது, அமெரிக்கா 2011 வரை இழுத்தது. ஏன்?

பதில் 1: திட்டம் போட்டால் பணம் ஒதுக்கவேண்டும், அப்புறம் கணக்கு காட்டவேண்டும். வெளியுறவுத் துறை எழுதும், ராணுவம் "இது எங்கள் வேலை இல்லை" என்று கோப்பைத் தள்ளிவிடும்.

பதில் 2: பணம் மட்டுமா? நாட்டுக்குள் மோதல் நடப்பதையே ஒப்புக்கொண்டதாகிவிடும், சொந்தச் சிப்பாய்களையே விசாரிக்க வேண்டிவரும், எந்த அரசு தானாக முன்வரும்?

கேட்டவர்: சரி, செய்யாவிட்டால் தண்டனை?

பதில் 1: கிடையாது. காலக்கெடுவும் இல்லை. தேசியத் திட்டம் போடச் சொல்லி 1325 தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை, அந்த அழைப்பெல்லாம் பிறகு வந்ததுதான்.