குடவோலைப் பாடத்தில் மாட்டிக்கொண்டேன், யாராவது சொல்லுங்களேன்

சாக்பீஸ்தூள்:

எல்லாருக்கும் வணக்கம். மதுராந்தகம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 14 வருஷம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன் குறுவள மையத்தில் ஒரு நாள் பயிற்சி. கருத்தாளர் நல்ல மனிதர். செய்து கற்றல், நடித்துக் கற்றல், குழுக் கற்றல் என்று திரையில் ஒவ்வொன்றாக ஓடியது. மதியம் சாம்பார் சாதம். அப்புறம் குழுவாக உட்கார்ந்து சார்ட் ஒட்டினோம், அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம், நாலரைக்குக் கையெழுத்து. வழக்கமாக பஸ் ஏறும்போதே மறந்துவிடுவேன். இந்தத் தடவை என்னவோ ஆசை வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம். சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த முறைதான் குடவோலை. அதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிற உத்திரமேரூர் எங்களுக்குப் பக்கம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அங்கே அத்தையோ சித்தியோ இருப்பார்கள். சரி, குடவோலையை நடத்தியே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். பொங்கலுக்கு வாங்கிய பானையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன். கல்வெட்டுப்படி ஊரில் 30 குடும்பு, இன்றைக்கு வார்டு என்கிறோமே, அது மாதிரி. என்னிடம் 38 பிள்ளைகள்தான், அதனால் 6 குடும்பாகப் பிரித்தேன். கல்வெட்டில் இருக்கிற தகுதிகளைப் பலகையில் எழுதினேன்: வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் (இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் என்று சொன்னேன்), சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதம் படித்திருக்க வேண்டும். வேதத்தை மட்டும் விட்டுவிட்டு, "மற்ற விதிக்கெல்லாம் உங்க வீட்டில் யார் சரியா வருவாங்களோ அவங்க பேரை எழுதிப் போடுங்க" என்றேன்.

ஏழே ஏழு சீட்டு வந்தது. மற்ற 31 பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஓலை எடுப்பதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனைக் கூட்டி வந்தேன். அவன் எடுத்த சீட்டை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டே சொல்கிறது. மத்தியஸ்தனாக நின்ற பையன் பழக்கதோஷத்தில் கையை மூடிவிட்டான். வகுப்பு மொத்தமும் "கைய விரிடா, கைய விரிடா" என்று கத்தியது. பக்கத்து வகுப்பு கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 14 வருஷத்தில் குடிமையியல் பீரியடில் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், எங்க வீட்ல நிலம் இல்ல. அப்ப எங்க பேரு பானைக்குள்ளயே வராதா?" நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "உங்க தெருவுல யாருக்குமே வராது" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான், "அது அந்தக் காலம்மா" என்று ஏதோ சொன்னேன். பெல் அடித்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எச்.எம். கூப்பிட்டு, "என்ன சத்தம், போர்ஷன் எங்க நிக்குது?" என்றார். அது தனிக் கதை, விடுங்கள்.

வருகிற வியாழக்கிழமை மறுபடியும் அதே வகுப்பு. என்ன சொல்லித் தொடங்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். பானையைக் கொண்டுபோகச் சொல்லித் தருகிறார்கள். இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலாவது யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா?

---

புதுசா_வந்தவன்:

மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான். பத்தாம் வகுப்பு எடுக்கிறேன், ஒரு பீரியடைக் கூட விட முடியவில்லை. மேப்புக்கே தனியாக ஒரு வாரம் போகிறது. ஒன்பதிலேயே இப்படிப் பானை, சீட்டு என்று போனால் ரிவிஷன் எப்போது? தகுதிகளை நாலு பாயிண்டாகக் கொடுத்து முடித்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த "கைய விரிடா" படித்துச் சிரித்துவிட்டேன். அந்த விஷயமே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

---

மேலூர்_பென்ஷன்:

அம்மா, நான் ஓய்வு பெற்று ரொம்ப நாள் ஆகிறது. மதுரை மாவட்டம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

அந்தப் பெண் கேட்டதுதான் கல்வெட்டைச் சரியாகப் படித்தவர் கேட்கிற கேள்வி. கோளாறு நம்மிடம் இருக்கிறது. "சோழர் காலத்திலேயே மக்களாட்சி" என்று மார்தட்டித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். கி.பி. 919-லும் 921-லும் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறித்தது அந்தச் சபை தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி. மற்ற ஊர்களில் 'ஊர்' என்ற அமைப்பு, வணிகர் இருந்த இடத்தில் 'நகரம்'. அங்கெல்லாம் இதே முறைதான் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. இன்னொன்று, குடவோலை வாக்குப்பதிவே இல்லை. ஏற்கெனவே தகுதி பெற்றவர்களுக்குள் போட்ட குலுக்கல். இதை எத்தனை பேர் வகுப்பில் பிரித்துச் சொல்கிறோம்? நான் 20 வருஷம் சொல்லவில்லை.

அதற்காக அதைக் கீழே போட்டுவிடவும் வேண்டாம். வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப வர முடியாது, அவன் சொந்தக்காரர்களும் வர முடியாது. அந்தச் சொந்தக்காரர் பட்டியலைப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். சித்தி மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன் என்று போய்க்கொண்டே இருக்கும், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவனுக்கும் இடமில்லை. பதவிக் காலம் 360 நாள். ஏரிக்கென்று தனி வாரியம், ஆறு பேர். உங்கள் பிள்ளைகள் மதுராந்தகம் ஏரியைப் பார்த்து வளர்கிறவர்கள், ஏரி வாரியம் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பெயர் பானைக்குள் வராதவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், அதற்கும் கல்லிலேயே பதில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டுகளில், வரிக்கணக்கில் சேராத நிலங்கள் என்று ஒரு பட்டியல் வரும்: ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி (கைவினைஞர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. ஆனால் இதை வியாழக்கிழமை வாசிக்காதீர்கள். "உங்க தெரு" என்று ஒருவன் சொல்லிச் சிரித்த வகுப்பில் அந்தச் சொல் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். வகுப்பு உங்கள் கைக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பையனையும் விட்டுவிடாதீர்கள். எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வியாழக்கிழமை இப்படித் தொடங்குங்கள்: "போன வகுப்பில் ஒரு நல்ல கேள்வி வந்தது. நான் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை." யார் கேட்டது என்று சொல்ல வேண்டாம். அங்கிருந்து நேராக, ஊராட்சிகளுக்காக அரசியலமைப்பில் கொண்டுவந்த 73-வது திருத்தத்துக்குப் போங்கள், 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறை. நிலம் வேண்டாம், வீடு வேண்டாம், வேதம் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர், 21 வயது. பட்டியலினத்தவருக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் என்று அரசியலமைப்பு சொல்கிறது. நம் மாநிலத்தில் 2016-இல் அதைப் பாதியாக்கினார்கள்.

அதோடு கதை முடிந்ததாகவும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கியதற்காக 1996-இலிருந்து பத்து வருஷம் அங்கே தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. 2006-இல்தான் ஒழுங்காக நடந்தது. அந்த வருஷங்களில் நான் உசிலம்பட்டி பக்கம் வேலை பார்த்தேன். 73-வது திருத்தத்தை அப்போதும் நடத்தினேன், 'இட ஒதுக்கீடு' என்ற வரி வரும்போது வேகமாகத் தாண்டிவிடுவேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் "அது அந்தக் காலம்மா" என்றது ஒரே ஒரு நாள். நான் பத்து வருஷம் தாண்டினேன்.

---

ஏரிக்கரை_டீச்சர்:

சார் சொன்னதற்கு மேல் பாடத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நடத்துகிற விதத்தில் ஒன்று சொல்கிறேன் டீச்சர். "உங்க வீட்டில் யார்" என்று கேட்ட இடத்தில்தான் நூல் அறுந்திருக்கிறது. நானும் ஒரு தடவை மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பாடத்தில் "உங்க வீட்டில் எத்தனை ரூம்" என்று எழுதச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அட்டை கொடுத்துவிடுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும், காசு செலவில்லை. குடவோலைக்கு என்னுடைய அட்டைகள் சில:

"வயது 41, அரை வேலி, சொந்த மனை, வேதம் படித்தவர்."
"வயது 50, அரைக்கால் வேலிதான், ஆனால் ஒரு வேதமும் அதற்கு உரையும் ஓதுவிக்கத் தெரிந்தவர்." (இவருக்கு இடம் உண்டு! கல்வெட்டில் இந்த விலக்கு இருக்கிறது. பிள்ளைகள் இதில்தான் சண்டை போடுவார்கள்.)
"நெசவாளி, நிலம் இல்லை."
"வயது 72."
"போன வருஷம் வாரியத்தில் இருந்தார், கணக்குக் காட்டவில்லை."
"மேற்படியாரின் மைத்துனர்."
"விதவைப் பெண், வயது 45, இரண்டு வேலி."

யாருக்கு எது வருகிறதோ அதுதான் அவர்கள். உள்ளே போனால் ஏன், வெளியே நின்றால் எந்த விதியால் என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்புறம் பலகையை அழித்துவிட்டு இன்றைய ஊராட்சித் தேர்தல் விதிகளை எழுதுவேன். அதே அட்டை, இரண்டாம் சுற்று. நெசவாளி எழுந்து வருவார், 72 வயதுக்காரர் வருவார், அந்த அம்மா வருவார். மைத்துனரும் வந்துவிடுவார், அதற்கு ஒரு விவாதம் ஓடும். மொத்தம் ஒரு பீரியட்தான். புதுசா_வந்தவன் தம்பி, இப்படி எழுதின பிள்ளைகளுக்குத் தகுதிகளைத் தனியாக மனப்பாடம் செய்யக் கொடுக்க வேண்டியதில்லை.

பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. நாங்கள் மூன்று பள்ளியிலிருந்து நாலு பேர், எச்.எம்.களிடம் கெஞ்சிக் கூத்தாடி, பருவத்துக்கு ஒரு தடவை ஒருவர் வகுப்பில் மற்றவர்கள் போய் உட்காருகிறோம். ஒரே ஒரு நிபந்தனை: டீச்சரைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது. ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, 40 நிமிஷமும் அந்த மூன்று பேர் என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் 31 பேரை, பின் பெஞ்சில் நான் இருந்திருந்தால் இரண்டாவது நிமிஷமே பார்த்திருப்பேன். பலகைப் பக்கம் நிற்கிற யாருக்கும் அது தெரியாது. ஜப்பானில் இதை ஆசிரியர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். எங்களுக்கு அது தெரிந்து தொடங்கவில்லை, ஒருத்தி வகுப்பில் அழுதுவிட்டு வந்ததால் தொடங்கினோம்.

---

கல்லெழுத்து:

ஆசிரியர் இல்லை, கல்வெட்டு ஆர்வம் உள்ளவன். பிள்ளைகளை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், உச்சி வெயிலில் போகாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்துத் தெரியும். தமிழும் கிரந்தமும் கலந்து வரும், வரி வரியாகப் படிக்க முடியாது. ஓரிரு எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், அதற்கே குதிப்பார்கள். சாக்பீஸ், மாவு எதையும் கல்லில் தேய்க்க விடாதீர்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம்.

---

சாக்பீஸ்தூள்:

வியாழக்கிழமை முடிந்தது. வந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சார் சொன்ன வரியை அப்படியே சொன்னேன். "நான் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. புதன்கிழமை மதியமே அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான், என்ன ஏறியது என்று தெரியாது.

ஏரிக்கரை டீச்சரின் அட்டைகளை ராத்திரி உட்கார்ந்து 38 எழுதினேன். இரண்டாம் சுற்றில் நெசவாளி அட்டை யாரிடம் இருந்தது என்று கேட்காதீர்கள், அந்தப் பையனிடம்தான். வேண்டுமென்றே கொடுக்கவில்லை, கலைத்துத்தான் கொடுத்தேன். "எந்த விதியால் வெளியே" என்ற இடத்தில் ரொம்ப நேரம் எழுதிக்கொண்டிருந்தான். நான் கிட்டே போகவில்லை. போர்ஷன் ஒரு பீரியட் பின்தங்கிவிட்டது, அதை மதிய இடைவேளையில் சரிக்கட்ட வேண்டும்.

கடைசி பத்து நிமிஷம் இன்னொன்று செய்தேன். அக்டோபர் 2 கிராம சபையில் கேட்க ஒரு கேள்வி எழுதுங்கள், பெயர் வேண்டாம், பானைக்குள் போடுங்கள் என்றேன். 38-ம் வந்தது. ஆறாம் வகுப்புப் பொடியன் மூன்றை எடுத்தான், மத்தியஸ்தன் இந்தத் தடவை விரலை விரித்தே வாங்கினான். தெருக்குழாயில் ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்பது ஒன்று. நூலகம் எப்போது திறக்கும் என்பது இன்னொன்று. மூன்றாவது சீட்டில் இருந்தது இது: "போன வருஷக் கணக்கை எங்க தெருவுக்கு யாரும் வந்து சொல்லலையே, ஏன்?"

யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை, அதனால் சபையில் இதை வாசிக்க ஒரு பெரியவர் வேண்டும். நானே போகலாமா, இல்லை அரசு ஊழியர் என்று ஏதாவது சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.