பாராட்டுக்கு ஏங்கும் மனம்: ஊழியத்தில் பெருமையை எப்படி மேற்கொள்வது?

கேள்வி: வேதபாட மாணவன்

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியில்) வாலிபருக்கான வேதபாட வகுப்பை நான் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆயர் வேறு சபைக்குச் செல்லும் ஞாயிறுகளில் பிரசங்கிக்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு "நல்ல செய்தி, தம்பி" என்று சொல்வதை என் மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லாத வாரத்தில் மதியச் சாப்பாடுகூட ருசிப்பதில்லை. "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எவ்வளவு தாழ்மையான பிள்ளை என்று எதிரில் நிற்பவர் நினைக்க வேண்டும் என்ற ஆசையும் உள்ளே ஓடுகிறது. தாழ்மைக்காக ஜெபித்து எழுந்தால், அப்படி ஜெபித்ததைப் பற்றிய திருப்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார்" என்று யாக்கோபு எழுதியிருப்பதை (4:6) வாசிக்கும்போது உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. செய்த வேலை நன்றாக அமைந்ததற்காக மகிழ்வதற்கும் பெருமைக்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறது? இந்தப் பொறுப்புகளிலிருந்து விலகிவிடுவதுதான் சரியான வழியா?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

தம்பி, விலக வேண்டாம். விலகினால், "தாழ்மைக்காகப் பிரசங்க பீடத்தையே விட்டவர்" என்ற பெயரை உங்கள் மனமே உங்களுக்குச் சூட்டிவிடும். அதை இறக்கிவைப்பது இன்னும் கடினம்.

2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்தில் உசியா ராஜாவின் வரலாற்றை நிதானமாக வாசியுங்கள். 16 வயதில் அரசனாகி 52 ஆண்டுகள் ஆண்ட அவன் எருசலேமில் கோபுரங்களைக் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகளை வெட்டினான், வேளாண்மையை நேசித்தான். வேதம் இவற்றில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. தேவன் அவனுக்குத் துணைநின்றார் என்றே சொல்கிறது. ஆகையால், கையிட்ட காரியம் வாய்த்ததும் அதைக் கண்டு மகிழ்ந்ததும் பாவம் அல்ல. பலப்பட்டபின் அவன் மனம் மேட்டிமையாகி, ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் பணியைச் செய்ய ஆலயத்திற்குள் நுழைந்தான். அசரியா என்னும் ஆசாரியனும் அவனோடு 80 பேரும் வந்து அவனைத் தடுத்தார்கள். அவன் உள்ளே நுழைந்த நொடியில் அவனுக்குக் குஷ்டம் தோன்றவில்லை. தூபகலசத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, தன்னைத் திருத்த வந்தவர்கள்மேல் கோபங்கொண்டபோதுதான் அவன் நெற்றியில் அது தோன்றியது என்று 19ஆம் வசனம் கூறுகிறது. அங்கிருந்து திரும்பி வெளியேற அவனுக்கு அவகாசம் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

நீங்கள் கேட்ட எல்லையை நான் அந்த இடத்தில்தான் வைப்பேன். பாராட்டின்போது மனம் குளிர்வதை வைத்து உங்களை அளந்துகொண்டிருந்தால் அந்த அளவைக்கு முடிவே இருக்காது. உங்கள் பிரசங்கத்தில் வசனத்தைத் தவறாக விளக்கினீர்கள் என்று வயதில் இளைய ஒருவர், அதுவும் நாலு பேர் முன்னால், சுட்டிக்காட்டும்போது உங்களுக்குள் என்ன எழுகிறது என்று பாருங்கள்.

மற்றொன்றும் செய்யலாம். வகுப்பை மாதத்தில் ஒரு முறையாவது வாலிபர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின் இருக்கையில் அமர்ந்து, இடையில் திருத்தாமல், முடிவில் "ஒரு சிறு குறிப்பு" என்று எழுந்து நிற்காமல் கேளுங்கள். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்ற யோவான் ஸ்நானனின் வார்த்தையை நாம் சுவரொட்டி வாசகமாக்கிவிட்டோம். தன்னிடம் வந்த கூட்டம் இயேசுவிடம் போகிறது என்று தன் சீஷர்களே வந்து முறையிட்ட நேரத்தில் அவர் அதைச் சொன்னார் (யோவான் 3:26-30). கூட்டம் உண்மையில் குறைந்துகொண்டிருந்தபோது சொல்லப்பட்டதால்தான் அந்த வார்த்தைக்கு அவ்வளவு எடை இருக்கிறது.

பதில்: பெத்தானியா

ஆயர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனால் தாழ்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஓர் எச்சரிக்கை உணர்வும் உண்டு. கமிட்டிக் கணக்கில் சந்தேகம் கேட்ட பெண்ணிடமும், இரவெல்லாம் அசன விருந்துக்குச் சமைத்துவிட்டுக் களைப்பாக இருக்கிறது என்று சொன்ன பெண்ணிடமும் "தாழ்மையாக இருங்கள், அம்மா" என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அதே அறிவுரை பொன்னாடையோடு மேடையில் அமர்ந்திருப்பவருக்குச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

யோவான் 13ஆம் அதிகாரத்தில், பாதங்களைக் கழுவ எழுந்திருக்கும் முன்பு இயேசு எதை அறிந்திருந்தார் என்பதைச் சுவிசேஷகர் வேண்டுமென்றே எழுதிவைக்கிறார். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்ததையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்கே போவதையும் அறிந்தவராய் அவர் துண்டை எடுத்து அரையில் கட்டிக்கொண்டார். தம்மை ஒன்றுமில்லாதவர் என்று எண்ணிக்கொண்டு அவர் குனியவில்லை. கேள்வி கேட்ட சகோதரரே, உங்களுக்கு நன்றாகக் கற்பிக்க வருமானால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது பொய். அந்தப் பொய்க்கும் தாழ்மைக்கும் உறவில்லை. கொலோசெயர் 2:23இல் பவுல் "மாயமான தாழ்மை" என்று ஒன்றைக் குறிப்பிடுவதை மறந்துவிட வேண்டாம்.

பதில்: குடந்தை வாசகர்

நான் கத்தோலிக்கன், ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்காகப் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய ஒழுங்குநூலின் 7ஆம் அதிகாரம் தாழ்ச்சிக்கு 12 படிகளை வகுக்கிறது. முதற்படி, கடவுள் எந்நேரமும் தன்னைக் காண்கிறார் என்ற அச்சத்தோடு வாழ்வது. ஐந்தாவது, உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களை மடத்துத் தலைவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது. குனிந்த தலையும் தாழ்ந்த பார்வையும் 12ஆம் படியில்தான் வருகின்றன. நாமோ பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்கிறோம். அப்புறம் முதற்படிக்குத் திரும்ப வேண்டிய தேவை இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் எழுதிய கேள்வியை, பெயர் தெரியாத எங்களிடம் கேட்டதோடு நிறுத்தாமல், உங்களை அறிந்த ஒருவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

பதில்: தஞ்சை வரலாற்று மாணவர்

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் திறமையால் வரும் பெருமையையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெருமை வரும்போது நமக்கே தெரிகிறது. கேள்வி கேட்டவரின் மனம் உறுத்துவதே அதற்குச் சான்று. பிறப்பால் வரும் பெருமை அப்படி உறுத்துவதில்லை. அது குடும்ப வழக்கமாக, ஊர் மரியாதையாக, பெண் கொடுத்து எடுக்கும் முறையாக நம்மோடு வாழ்வதால், பாவ அறிக்கை செய்யும்போது நினைவுக்கே வருவதில்லை.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளின் தொடக்க காலத்தில், லுத்தரன் மிஷனரிகள் தொடங்கிய தரங்கம்பாடி மிஷன் வழிவந்த பல சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வது அனுமதிக்கப்பட்டிருந்தது. திருவிருந்துக்கு முன்செல்வதிலும் சாதி வரிசை இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன், இந்த வேறுபாடுகளை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதற்குக் கீழ்ப்படிய மறுத்துச் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் பக்தியற்றவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேதம் கற்றவர்களும் தலைமுறைகளாகச் சபையைத் தாங்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். தங்களைப் பெருமைக்காரர் என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? ஆனாலும் கிறிஸ்துவின் பாத்திரத்தில் இன்னாருக்குப் பிறகு வாய் வைப்பதா என்ற கேள்வி வந்தபோது, அவர்கள் பாத்திரத்தை விட்டார்கள், வரிசையை விடவில்லை.

கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்த ஊர் நம் மாநிலத்தில் உண்டு. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர் இன்றும் அச்சாகிறது. "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அடுத்த வரிகளிலேயே கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்ததைச் சொல்கிறார். அடிமை என்ற நிலையைக் கண்ணால் கண்டு வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்ட வரி அது. அன்று அதை வாசிக்கக் கேட்டவர்களுக்கு அது வெறும் உவமையாக ஒலித்திருக்காது.

ஆகவே, பிரசங்கத்துக்குப் பின் வரும் பாராட்டைக் குறித்து நீங்கள் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் வேதபாட வகுப்பில் யார் முன்வரிசையில் அமர்கிறார்கள், யாருடைய வீட்டில் நீங்கள் இதுவரை சாப்பிட்டதில்லை, அதற்கு உண்மையான காரணம் என்ன என்று பாருங்கள்.

மறுமொழி: வேதபாட மாணவன்

அனைவருக்கும் நன்றி. தஞ்சை நண்பரின் கடைசிப் பத்தியை வாசித்தபின் உடனே பதில் எழுத முடியவில்லை. எங்கள் சேகரத்துக்குட்பட்ட ஒரு கிளைச் சபைக்கு நான் பிரசங்கிக்கப் போவதுண்டு. ஆராதனை முடிந்ததும் வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டுவிடுவதே என் வழக்கம். அது ஏன் என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அடுத்த முறை அங்கே தங்கி அவர்களோடு சாப்பிடுவதாக, அந்தச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். வாலிபர் வகுப்பைப் பொறுத்தவரை, லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) இரண்டு பேர் மாறி மாறி நடத்தட்டும் என்று ஆயரிடம் பேசிவிட்டேன்.

ஆயர் ஐயாவிடம் நடைமுறை சார்ந்த ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. வாசலில் நின்று ஒருவர் "நல்ல செய்தி" என்று சொல்லும்போது நான் என்னதான் சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

"நன்றி, ஐயா" என்று சொல்லுங்கள். பிறகு, அவருடைய வீட்டில் யாராவது சுகவீனமாக இருக்கிறார்களா என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேளுங்கள்.