மசில் காருக்கு சைலன்சர் மாற்றிய கதைகள்: உங்களுடையது என்ன?

ட்ராய், மிச்சிகன்

வணக்கம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு 1968 ஃபோர்டு மஸ்டாங் வாங்கினேன். 302 கன அங்குல வி8 (பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர்), நான்கு காற்று வாய் கொண்ட நான்கு-பேரல் கார்புரேட்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர். அதை ஓட்டிய நேரத்தைவிட அடியில் மல்லாந்து படுத்து எக்ஸாஸ்ட்டோடு, அதாவது புகைக் குழாயோடு, மல்லுக்கட்டிய நேரம் அதிகம். ஒரு நாள் ஊருக்குப் போன் பேசும்போது "நாளைக்கு மஃப்ளர் வாங்கப் போறேம்மா" என்றேன். "அங்க அவ்வளவு குளிரா?" என்றார் அம்மா. அன்று முதல் எங்கள் வீட்டில் அது சைலன்சர்தான்.

நம்மாட்கள் சிலர் இந்தப் பழைய மசில் கார்களை (பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க வேகக் கார்கள்) வைத்திருப்பது தெரியும். எல்லோரும் பட்டதை எழுதுங்கள். முதலில் என் கதை.

நான் செய்த முதல் தப்பு, சத்தத்தை மட்டும் கேட்டு சைலன்சர் தேடியது. யாரோ காரை வாசலில் நிறுத்தி, பின்னால் மைக்கை வைத்து, இரண்டு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகக் கேட்டேன். நின்ற இடத்தில் தடதடக்கும் அந்தச் சத்தம் யாரையும் மயக்கும். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 302-ல் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டில் 1 முதல் 4 வரை வலப்பக்க சிலிண்டர்கள், 5 முதல் 8 வரை இடப்பக்கம். பிரித்துப் பாருங்கள்: வலம், இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம். எட்டு அடியில் இரண்டு இடத்தில் ஒரே கை இரட்டை அடி போடுகிறது. தவிலில் கேட்டால் தாளம் தப்பியது என்போம், வி8-ல் கேட்டால் சொக்கிப்போகிறோம். இரண்டு பக்கக் குழாய்களையும் எங்கும் சேர்க்காமல் தனித்தனியாக விட்டால் அந்தக் கரகரப்பு முழுசாக வெளியே வரும். நடுவில் ஒரு குறுக்குக் குழாய் வைத்து எச் வடிவில் இணைத்தால் சத்தம் கொஞ்சம் உருண்டு, அடித்தொண்டைக்கு இறங்கும். எக்ஸ் வடிவில் இணைத்தால் குரல் மெலிந்து உயரும். சிலருக்கு அது புதுக் கார் சத்தம்போலப் படும். எனக்கும் அப்படித்தான்.

நான் இணைக்கவே இல்லை. இரண்டரை அங்குலக் குழாய் இரண்டு, ஆளுக்கொரு குட்டை சைலன்சர், உள்ளே இரண்டே அறை. வாசலில் நிறுத்திக் கேட்டபோது சொர்க்கம். ஆகஸ்டில் உட்வர்டு அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர்வலத்தில் மெதுவாக ஊர்ந்தவரை பெருமைதான். திரும்பும்போது டெலிகிராஃப் சாலையில் மணிக்கு 50 மைலைத் தொட்டதும் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடியது. கூரை, கதவு, சீட் எல்லாம் ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று பிடித்துக்கொண்டன. "அப்பா, தலைக்குள்ள வண்டு பூந்துருச்சு" என்று காதைப் பொத்திக்கொண்டாள் மகள். கணக்கு எளிது: 2,000 சுற்றில் எட்டு சிலிண்டர் வினாடிக்கு 133 தடவை எரிகிறது. அந்த அதிர்வு காருக்குள் இருக்கும் காற்றோடு ஒத்துப்போய்விட்டால் நாம் டோலக்குக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். வெளியே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. வீடியோவிலும் வராது.

இரண்டாவது தப்பு, நீளக் குழாய் ஹெடர்கள். சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய் உள்ள ஹெடரை மாட்டினால்தான் மசில் கார் என்று நினைத்திருந்தேன். இருப்பதிலேயே மலிவான, கறுப்புப் பெயின்ட் அடித்த சாதா இரும்பு ஹெடரை வாங்கினேன். எங்கே என்று கேட்காதீர்கள். அந்தக் கால மஸ்டாங்கில் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் ஷாக் டவர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புக் கூடு) நெருக்கிக்கொண்டு நிற்கும். இன்ஜின் மவுன்ட்டைக் கழற்றி, ஜாக் வைத்து இன்ஜினைத் தூக்கித்தான் ஹெடரை நுழைக்க முடிந்தது. நுழைத்த பிறகு பார்த்தால் பவர் ஸ்டீயரிங் தண்டு குழாயில் இடிக்கிறது. அதைக் கீழே இறக்க ஒரு பிராக்கெட் தனியாக வாங்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. இறக்கினேன். அடுத்து, எங்கள் தெரு வேகத்தடையில் ஹெடரின் அடி உரசியது. பெயின்ட் முதல் ஓட்டத்திலேயே புகையாகப் போனது தனி.

பிறகு 'டிக் டிக்' ஆரம்பித்தது. குளிர்ந்த இன்ஜினில் பலமாகக் கேட்கும், சூடானால் அடங்கும். இன்ஜினுக்குள் வால்வைத் தள்ளித் திறக்கும் லிஃப்டர்தான் என்று மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வழி சொன்னார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தை டெயில் பைப்பில் செருகி ஓடவிட்டு, ஹெடர் பொருந்தும் இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். மூன்றாவது சிலிண்டரில் குமிழி குமிழியாக வந்தது. இடுக்கை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தது. ஹெடரை இன்ஜினோடு பொருத்தும் மெல்லிய தகடு (ஃப்ளேஞ்ச்) சூட்டில் வளைந்துவிட்டது, போல்ட்டும் தளர்ந்திருந்தது. புது ஹெடர் மாட்டினால் இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டுமாம். நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

இப்போது காரில் இருப்பது 289 கன அங்குல ஹை-பெர்ஃபாமன்ஸ் இன்ஜினுக்கு ஃபோர்டு போட்ட மேனிஃபோல்டின் நகல். வார்ப்பிரும்புதான், ஆனால் சாதா மேனிஃபோல்டைவிடக் காற்றோட்டம் நல்லது, எதிலும் இடிக்காது, டிக் டிக் கிடையாது. அதன் வாய்க்குப் பொருந்தும் எச் பைப் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டேகால் அங்குலக் குழாய், நீளமான 'டர்போ' வகை சைலன்சர். பெயரைப் பார்த்து "என் காரில் டர்போவே இல்லையே" என்று முதலில் நானும் ஒதுக்கினேன். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்து வந்த பழைய செவர்லே கார்வேர் காரின் சைலன்சரை அந்தக் காலத்து ஆட்கள் கழற்றித் தங்கள் வண்டியில் மாட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஹெடரை எடுத்ததில் குதிரைத்திறன் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஓட்டும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகள் பின் சீட்டில் தூங்குகிறாள், அது தெரிகிறது.

ஸ்காபரோ, டொராண்டோ

அண்ணை, அந்த டிக் டிக் சத்தத்தோட நானும் ஒரு கோடை முழுக்க மாரடிச்சிருக்கிறேன். என்னிடம் இருப்பது 1972 செவர்லே செவெல், 350 கன அங்குல இன்ஜின்.

குதிரைத்திறன் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான்கு-பேரல் 350-க்கு 1970-ல் 300 என்று போட்டார்கள், 1972-ல் 175. இன்ஜின் பாதியாகச் செத்துப்போனது என்று என்னிடம் கதைத்தவர்கள் பலர். கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை) குறைத்தது உண்மைதான். ஆனால் அளவையும் மாற்றினார்கள். முந்தி இன்ஜினை மேசையில் ஏற்றி, காரின் சைலன்சர் இல்லாமல் ஓட்டி எடுத்த எண்ணைப் போட்டார்கள். 1972-இலிருந்து சைலன்சர், ஏர் கிளீனர் எல்லாம் மாட்டின எண். அதனால் சைலன்சர் மாற்றினால் தொலைந்த 125-ம் திரும்பி வரும் என்று ஒருவரும் கனவு காண வேண்டாம்.

எனக்கு இங்கே எதிரி உப்பு. பனிக்காலத்தில் காரை வெளியே எடுப்பதில்லை, ஆனாலும் முதல் சைலன்சர் நான்கே வருடத்தில் ஓட்டை. உள்ளேயிருந்து துருப்பிடித்திருந்தது. ஒரு கலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு கலன் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நான் பால் வாங்கக் கடைக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். சைலன்சர் சூடேறுவதற்கு முன் இன்ஜினை நிறுத்தினால் அவ்வளவும் உள்ளேயே தேங்கும். இப்போது எடுத்தால் அரை மணித்தியாலமாவது ஓட்டிவிட்டுத்தான் நிற்பாட்டுவேன்.

அடுத்த முறை 'ஸ்டெயின்லெஸ்' என்று ஒருவர் விற்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறது. ஏமாற்றிப்போட்டான் என்று சண்டைக்குப் போனேன். அது 409 ரகம். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், மேலே லேசாகத் துரு படியும், ஆனால் அரிக்காது. பளபளவென்று இருந்து, காந்தமும் ஒட்டாதது 304. விலையும் அதற்கேற்ற மாதிரி. எனக்கு 409 போதும் என்று பிறகு வாயை மூடிக்கொண்டு மாட்டினேன். காசு குறைவென்றால் அலுமினியப் பூச்சுக் குழாயும் மோசமில்லை, வெல்டிங் செய்த இடத்தில் மட்டும் முதலில் துரு பிடிக்கும்.

ஹெடருக்கு வெப்பத் தடுப்புத் துணி சுற்றுவது பற்றியும் கேளுங்கள். சூடு உள்ளேயே நிற்கட்டும் என்று நான் ஆசையாகச் சுற்றினேன். இரண்டாம் வருடம் பிரித்துப் பார்த்தால் துணிக்குள் ஈரம் குடியிருந்து குழாய் அப்பளம்போல உதிர்கிறது. செராமிக் பூச்சு போட்ட ஹெடர் என்றால் துணியே தேவையில்லை.

கடைசியாக, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பழைய உரிமையாளர் டெயில் பைப்பைப் பின் அச்சுக்கு முன்னாலேயே வெட்டி நிலத்தைப் பார்க்க விட்டிருந்தார். ஒரு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ட்ராஃபிக்கில் நின்றதில் எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வாந்தி வருமாப்போல. காருக்குள் கார்பன் மோனாக்சைடு வந்திருக்கிறது. வாசமே இல்லை. அடுத்த நாளே குழாயை பம்பர் வரைக்கும் நீட்டி, டிக்கி ரப்பரையும் மாற்றினேன்.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நான் தெரியாத்தனமாக 1978 போன்டியாக் ட்ரான்ஸ் ஆம் வாங்கினேன். இங்கே 1975-ம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குத்தான் புகைச் சோதனை கிடையாது. என்னுடையதற்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உண்டு. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்க வேண்டும், ஹெடர் மாட்டினால் மாநிலக் காற்று வாரியம் தந்த அனுமதி எண் அதில் இருக்க வேண்டும். எண் இல்லாத ஹெடரை மலிவாக வாங்கி, மாட்டி, சோதனை மையத்தில் கண்ணால் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். புகை அளவு வரைக்கும் போகவே இல்லை. ஒரு சனி ஞாயிறு மாட்ட, அடுத்த சனி ஞாயிறு கழற்ற. இப்போது கன்வர்ட்டருக்குப் பின்னால் மட்டும் கைவைத்திருக்கிறேன். சத்தமும் 95 டெசிபலைத் தாண்டக் கூடாது.

போன்டியாக் பற்றிப் பேசுவதால் ஒரு விஷயம். 1970 ஜிடிஓ-வில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் கொடுத்தார்கள். இழுத்தால் சைலன்சர் திறந்துகொண்டு உறுமும், தள்ளினால் அடங்கும். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள். ட்ராய் அண்ணாவின் மகளுக்கு அதுதான் சரியான கார்.

ஹூஸ்டன்

1970 டாட்ஜ் சேலஞ்சர், 383 கன அங்குல இன்ஜின். ஹெடரை விட மனசு வரவில்லை, அதனால் பிரச்சினைகளோடு சமாதானமாகப் போனேன். டார்ஷன் பாருக்கும் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக முறுக்கும் கம்பி) ஸ்டீயரிங் கம்பிக்கும் நடுவே ஹெடரை நுழைத்தது ஒரு நாள் வேலை. ஸ்டார்ட்டர் அதன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜூலை வெயிலில் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருபது நிமிடம் பங்கில் நின்று தர்பூசணி தின்றிருக்கிறேன். சின்ன சைஸ் ஸ்டார்ட்டரும் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் போட்ட பிறகு அந்தத் தொல்லை நின்றது.

வண்டுச் சத்தத்துக்கு சைலன்சரை மாற்றாமலேயே ஒரு வழி உண்டு. டெயில் பைப்பிலிருந்து கிளையாக, முனை மூடிய குழாய் ஒன்றை வெல்டிங் செய்வது. உள்ளே போகும் ஒலி அலை மூடிய முனையில் மோதித் திரும்பி, எதிர் அலையாக வந்து அந்த ஒரு சுருதியை மட்டும் அமுக்கிவிடும். என் காருக்கு ஏறத்தாழ மூன்றடி நீளம். முதலில் வெட்டியது சரியாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நீளத்தை மாற்றிப் பார்த்துத்தான் பிடித்தோம். ட்ராய் நண்பருக்கு ஒரு கேள்வி: பழைய ஹெடரை என்ன செய்தீர்கள்? அதன் முதன்மைக் குழாய் (ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வருவது) என்ன அளவு?

ட்ராய், மிச்சிகன்

மூன்றடிக் குழாயா! இரண்டு வருடத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் ஒரு ஜோடி சைலன்சர் காசு மிச்சம்.

குழாய் அளவு 1⅝ அங்குலம். 302-க்கு அதற்கு மேல் தேவையில்லை, பெரிதாகப் போட்டால் கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். இன்னொன்றையும் எழுத மறந்தேன். ஹெடர் மாட்டியபோது கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்றாமலே ஓட்டி, ஸ்பார்க் ப்ளக் எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஜெட்டை இரண்டு எண் கூட்டியதும் நிறம் சரியானது. மேனிஃபோல்டுக்குத் திரும்பியபோது மறுபடி பழைய ஜெட்.

ஹெடர் கராஜ் மூலையில்தான் கிடக்கிறது. விற்றால் வாங்குகிறவன் என்னைத் திட்டுவான். வெயில் வந்ததும் அவரைக்கொடி படரவிட அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் மனைவி.